பெட்டியில் நான்கு, எல்லாம் புதுசு

நாள் 12 | காலை 06:10
நிலவின் தென்முனை, மூன்றாம் துளைக் குடில்

எழுதுவது செங்கோட்டுவேல், தலைமைத் துளைப்பாளர். துளைப்பாளர் நான் ஒருவன்தான். ஆனாலும் தலைமை தலைமைதான்.

ஆழம் 41 மீட்டர். பனி தட்டவில்லை. தட்டும். திருச்செங்கோட்டு போர்வெல் லாரியில் முப்பது வருஷம், பதினெட்டு மாநிலம் பார்த்தவன் நான். ராஜஸ்தானில் ஆயிரத்தெண்ணூறு அடியில் நான் எடுத்த தண்ணீர் பீய்ச்சி அடித்ததில் ஒரு ஒட்டகம் ஊரை விட்டே ஓடியது. படிப்பு எட்டாவது. ஒன்பதாவது என்னைத் தாங்கவில்லை. நிலவுக்காரர்கள் வீட்டுக்கே வந்து கெஞ்சிக் கூட்டி வந்தார்கள்.

உடன் இருப்பவள் கனகமணி, பெருந்துறைக்காரி, பாறை விஞ்ஞானி. வந்த மூன்றாம் நாளே என்னை மாமா ஆக்கிக்கொண்டாள். அவளுக்கு வீசிங் உண்டு. அதை ஒளிக்கவும் மாட்டாள். காலையும் மாலையும் ஒரு பழுப்பு இன்ஹேலர் பம்பு, பிறகு வாய் கொப்பளிப்பு. நெஞ்சு இறுகினால் நீல பம்பு. அதையும் நேராக வாயில் வைக்க மாட்டாள். தண்ணீர் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு, பம்பை அதில் செருகி, வாய்ப்பக்கம் மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை நிறுத்துவாள். பால்புட்டியா என்று கேட்டேன். சிரித்தாள்.

குடிலில் இருக்கும் இருவரும் பம்பு பிடித்துக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. லாரி டியூபை வாயாலேயே ஊதினவனுக்கு இதெல்லாம் எதற்கு. கையெழுத்து மட்டும் போட்டேன்.

முதலுதவிப் பெட்டியில் நீல பம்பு நான்கு. ஒவ்வொன்றின் முதுகிலும் மிச்சம் காட்டும் எண், 200. எல்லாம் புதுசு.

நாள் 17 | மாலை 16:40

ஆழம் 58 மீட்டர். பனி தட்டியது. ஒரு சில்லை வாயில் போட்டுப் பார்த்தேன், செவ்விளநீர் தோற்றது.

இங்கே தூசிக்கு வெடித்த பட்டாசின் வாசனை. கண்ணாடிப் பொடி மாதிரி கூர்மை. வெளியே போய் வந்தால் முன்னறையில் நின்று உடுப்பை இருபது நிமிஷம் துலக்க வேண்டும். இன்று ஐந்து நிமிஷம்தான் துலக்கினேன். காரணம், பசி. தரையில் தூசி ஏன் என்று கனகமணி கேட்டாள். இரண்டு முறை இருமினாள்.

தளத்து டாக்டர் பிலோமினாள் வாரக் கணக்குக் கேட்டார்.

தளம்: "அண்ணாச்சி, நீல பம்பு எத்தன இருக்கு? பெட்டியத் தொறந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

குடில்: "பெட்டியில நாலு. எல்லாம் புதுசுங்க."

திறக்கவில்லை. எனக்குத் தெரியாததா.

நாள் 20 | முற்பகல் 11:05

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு. மேலே எழுதியவற்றில் பலதை அடித்துவிடுங்கள். பதினெட்டு மாநிலம் இல்லை, நான்கு. ஒட்டகம் இல்லை. கெஞ்சிக் கூட்டி வரவில்லை, வரிசையில் நின்றேன். ஐந்து நிமிஷம் துலக்கியது பசியால் இல்லை. மூச்சு வாங்கியது. உள்ளே வந்து பம்பு அடிக்க வேண்டும்.

ஒன்பது வயதிலிருந்து எனக்கு இளைப்பு. வீட்டில் அதற்குச் சளி என்று பெயர். பையனுக்கு வீசிங் என்று வெளியே தெரிந்தால் பெண் கிடைக்காது. பம்பைத் தொட்டால் பிறகு விடாது என்றும் சொல்லிவைத்தார்கள். லாரியில் கம்ப்ரஸர் பின்னால் போய் நின்று அடிப்பேன். அந்த இரைச்சலில் புஸ் சத்தம் கேட்காது. நிலவுக்கு ஆள் எடுத்தபோது ஊதிக்காட்டச் சொன்னார்கள். கழிப்பறையில் பம்பு அடித்துவிட்டு வந்து ஊதினேன். நல்ல நுரையீரல் என்றார்கள்.

இங்கும் கழிப்பறைதான். அவளைப் போல் பாட்டில் இல்லை, குலுக்குவதும் இல்லை. நாக்கின் மேலேயே அடித்து விழுங்குவேன். கசக்கும். கை நடுங்கும். மூச்சு திறக்காது. அதனால் இன்னும் பத்து. இப்படியே மூன்று பம்பு தீர்ந்தது. நான்காவது என் உடுப்புப் பையில்.

காலியானவற்றை எறிந்தால் எழுதிவைக்க வேண்டும். அதனால் டப்பாவிலேயே திரும்ப வைத்து டேப் ஒட்டிவிட்டேன். நான்காவது டப்பாவில் ஊரிலிருந்து கொண்டுவந்த என் பழைய காலி.

நாளைக் காலை தளத்திடம் சொல்லிவிடுவேன்.

நாள் 21 | காலை 09:30

சொல்லவில்லை.

குடிலின் காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டது. நான் கொண்டுவந்த தூசிதான். லாரி வடிகட்டியைக் கழற்றி டயரில் தட்டுவோமே, அந்தப் பழக்கத்தில் இதையும் கழற்றிச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினேன். குடில் முழுக்கச் சாம்பல் மேகம். கனகமணி, கல் மாதிரிகள் வைக்கும் அறைக்குள் ஓடிக் கதவை அடைத்தாள். அந்த அறைக்குத் தனி வடிகட்டி உண்டு. உள்ளிருந்து பேசுகருவியில்:

"மாமா... என்னுது... சீரோ காட்டுது. பெட்டில... புதுசு... எடுங்க."

கதவில் மாதிரிக் கற்களைத் தள்ளிவிடும் சிறு பொந்து இருக்கிறது. அதன் வழியே கொடுத்தேன்.

என்ன கொடுத்தேன் என்று எழுதக் கை வரவில்லை.

09:48

டேப் ஒட்டிய டப்பாவைத்தான் கொடுத்தேன். காலி. அதிலும் எண் பூஜ்யம்தான். கேட்டாள். இந்த டப்பாக்களில் எண் தப்பாகக் காட்டும் என்றேன். நம்பினாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் புஸ் என்று சத்தம் வந்தது. வெறும் காற்று. அவள் பத்து எண்ணி மூச்சை நிறுத்துவது எனக்குக் கேட்டது.

09:52

நாலு முறை அடித்தும் அவளுக்கு இழுப்பு நிற்கவில்லை என்று தளத்தை அழைத்துச் சொன்னேன்.

தளம்: "நாலு தடவ எடுத்தும் கொறையலன்னா எப்படி? பம்புல மருந்து இருக்கா அண்ணாச்சி? எண் எவ்ளோ காட்டுது?"

பதில் சொல்ல நான்கு நிமிஷம் ஆயிற்று. அந்த நான்கு நிமிஷமும் அவள் வெறும் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தாள். அதை இங்கே பதிகிறேன்.

குடில்: "காலிங்க. நாலும் காலி. நாந்தான் அடிச்சேன். எனக்கும் வீசிங்ங்க டாக்டர். ஒண்ணு என் பையில இருக்குது. இருபத்தாறு காட்டுது."

தளம்: "இப்ப அதக் குடுங்க. பாட்டில்ல செருகி, ஒவ்வொண்ணாக் குலுக்கி ஆறு. ஆக்சிஜன் மாஸ்க் போடட்டும். இருபது நிமிஷம் கழிச்சு மறுபடி ஆறு. வண்டி கெளம்பிருச்சு. ஏழு மணி நேரம் ஆகும். மத்தத அப்புறம் பேசுவோம்."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

10:20

இரண்டாவது ஆறு முடிந்தது. எண் 14. பேசுகருவி திறந்தே இருந்திருக்கிறது. நான் டாக்டரிடம் சொன்னதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"மாமா... பம்பு எடுக்கறதுல... வெக்கம் ஒண்ணுமில்லீங்க. காலிய... குடுத்தீங்களே."

ஐம்பத்தாறு வயதில் ஒருவர் முகத்தையும் பார்க்காமலேயே தலை குனிந்தேன்.

13:15

எண் 6. அவள் இப்போது முழு வாக்கியமாகப் பேசுகிறாள். ஆழம் கேட்டாள். 63 என்றேன். 61 தான். உடனே திருத்திச் சொன்னேன்.

எனக்கு இழுக்கிறது. அவள் அறைக்குள் போக முடியாது, மேலெல்லாம் தூசி. துலக்கினால் இன்னும் கிளம்பும். முன்னறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆக்சிஜன் குழாய் மூக்கில். காற்றுக்குக் குறைவில்லை. உள்ளே போகத்தான் வழி இல்லை.

15:40

பொந்து திறந்தது. பாட்டில் வந்தது, பம்போடு.

"ரெண்டு மிச்சம் இருக்குதுங்க மாமா. எனக்குப் பரவால்ல. நல்லாக் குலுக்கி, பாட்டில் வழியா மெதுவா இழுங்க. நாக்குல அடிக்காதீங்க."

எண் பார்த்தேன். 2. வண்டி வர இன்னும் ஒன்றேகால் மணி நேரம். நடுவில் அவளுக்கு மறுபடி பிடித்தால்?

பொந்தில் திரும்பத் தள்ளினேன்.

"உனக்கே வெச்சுக்க கண்ணு. எம் பையில இன்னொண்ணு இருக்குது."

"நெசமாலுமா?"

"முழுசா இருக்குது. எறநூறு."

என் ஒட்டகத்தைக்கூட நம்பாதவள். இதை நம்பினாள்.

16:25

நகம் நீலம். உட்கார்ந்தால் முடியவில்லை. முட்டியில் கையூன்றி நிற்கிறேன். எழுத்து கோணும். மன்னிக்க.

அவள் உள்ளே ஏதோ பாடுகிறாள். பாட மூச்சு இருக்கிறது.

பம்பு அடிச்சாச்சா என்று கேட்டாள். அடிச்சாச்சு என்றேன்.

16:38

வண்டி விளக்கு தெரிகிறது என்று எழுத நினைத்தேன். தெரியவில்லை. எழுதவில்லை.

இருப்பு. அவளிடம் 2. பெட்டியில் 0. என் பையில் 0. எண்ணிப் பார்த்து எழுதியது. அவளுக்கு இதைக் காட்ட வேண்