வாலுவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதைத்தான் இப்போது நலம் என்று சொல்லிக்கொள்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எப்போதும் என் நினைப்பு. பாப்பாவுக்குச் சளி விட்டதா? மார்பில் கர் கர் என்று சத்தம் கேட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. தினம் போனில் பேசுகிறவள் புதிதாக என்ன கடிதம் என்று நினைப்பாய். இதைப் போனில் ஆரம்பித்தால் பாதி சொல்லிப் பாதி நின்றுபோகும். கண் ஆஸ்பத்திரியில் இன்று எனக்கு விடுமுறை, அப்பா ஜன்னல் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போயிருக்கிறார், அதனால் நிதானமாக எழுதுகிறேன். மாடி வீட்டுக் குழாய் கசிந்து நம் கூடத்துச் சுவரெல்லாம் ஈரம். அப்பா சுரண்டிப் பூசிப் பார்த்துவிட்டார், அதே இடத்தில் மறுபடி பூக்கிறது. சரி, அது கிடக்கட்டும்.

தம்பியின் கேம் பெட்டியை அவன் போன பிறகு அப்பா துண்டு போட்டு மூடி வைத்திருந்தது உனக்குத் தெரியும். தூசி தட்டக்கூட என்னை விடமாட்டார். மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு அதைப் போட்டார். அந்த பேஸ்பால் ஆட்டம்தான். அவன் விட்ட இடத்தில் எல்லாம் அப்படியே இருந்தது. நம் நாலு பேரையும் ஆட்டக்காரர்களாகச் செய்து வைத்திருந்தானே, என்னைப் பூசணிக்காய் மாதிரி உருட்டி, உனக்குப் பச்சைத் தலைமுடி வைத்து, அப்பாவுக்கு மீசையை முழங்கை வரைக்கும் இழுத்து, தன்னை மட்டும் ராஜகுமாரன் மாதிரி. அப்பாவுக்கென்று தனியாகக் 'கிழச்சிங்கம்' என்று ஒரு பெயரும் போட்டுக் கொடுத்திருந்தான். அப்பா அந்தப் பெயரில்தான் உள்ளே போனார். பந்து இந்தப் பக்கம் வந்தால் மட்டை அந்தப் பக்கம் வீசும். ஜன்னல் கண்ணாடியை மயிரிழை பிசகாமல் அறுக்கிற கை, அந்தக் குட்டிப் பொத்தானில் தடுமாறியது. போகட்டும், பொழுது போகிறதே என்று இருந்தேன்.

பிறகு ஒரு சாயங்காலம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அப்பா என்னைக் கூப்பிட்டார். அந்தக் குரலைக் கேட்டு ஈரக்கையோடு ஓடிவந்தேன். டிவி மூலையில் 'வாலு' என்று தம்பி தனக்கு வைத்துக்கொண்ட பெயர், பக்கத்தில் பச்சைப் புள்ளி. புள்ளி பச்சையாக இருந்தால் ஆள் வந்திருக்கிறான் என்று அர்த்தம் என்பது அவன் எனக்குச் சொல்லித் தந்ததுதான். வாலு உங்களை ஆட்டத்துக்கு அழைக்கிறார் என்று எழுத்து ஓடியது. அணைச்சிடுங்க என்றேன். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை, சரி என்று அழுத்திவிட்டார்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் அந்தப் புள்ளி வரும். அப்பா முகம் மழித்துக்கொள்ள ஆரம்பித்தார், கடைக்கு ஒழுங்காகப் போனார், வயிறாரச் சாப்பிட்டார். "இன்னைக்கு அவன் பந்துல வேகமே இல்ல, உடம்பு சரியில்ல போல" என்று என்னிடம் சொல்வார், வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிற பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அதைக் கேட்டதும் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். ஆனால் நான் மட்டும் என்ன வாழ்ந்தது? ஆஸ்பத்திரியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறவர்கள் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே மணியைப் பார்ப்பேன். ஒருநாள் மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டேன். அப்பா அதைப் பார்த்தார், மூன்றாவது தட்டிலும் தண்ணீர் தெளித்துத் துடைத்து வைத்தார். அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்து, நீதான் தம்பி பெயரில் விளையாடுகிறாயா என்று கேட்டேன். "நான் அதைத் தொட்டே வருஷக்கணக்காச்சும்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்று நீ கேட்டாய். நான் சும்மாதான் என்று வைத்துவிட்டேன். நீ இல்லை என்றதும் பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

பயந்தவளுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எத்தனை நாள் இருப்பது? அப்பா குளிக்கப் போயிருந்த நேரம் புள்ளி பச்சையாயிற்று. காதில் மாட்டிப் பேசுகிற கருவியை மாட்டிக்கொண்டேன். "யாருப்பா நீ? செத்துப்போன பிள்ளை பேருல வந்து உட்கார்ந்திருக்கியே, உன்னைப் பெத்தவ இருக்காளா இல்லையா?" என்றேன். அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம். அப்புறம் மூச்சு. அப்புறம் அழுகை. "அம்மா, நான் நெட்டைம்மா" என்றான்.

ஆமாம், நெட்டைதான். தம்பியோடு அதே பிரிட்ஜ் ரிப்பேர் கடையில் வேலை செய்தவன், தம்பி செத்த அன்றைக்கு அவனை ஏற்றிக்கொண்டு போன வேனை ஓட்டியவன். பெயரைச் சொன்னாலே நீ போனை வைத்துவிடுவாய், இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதே, முழுக்கப் படி. அவர்கள் இரண்டு பேரும் ஒருவன் பெயரில் இன்னொருவன் விளையாடுவார்களாம், பாஸ்வேர்டு இரண்டு பேருக்கும் ஒன்றே. "சும்மா அவன் பேரை ஒருதடவை பார்க்கலாம்னுதான்மா திறந்தேன். அந்தப் பக்கம் கிழச்சிங்கம்னு பச்சையா இருந்துச்சு. அப்பா விளையாடுறாரேன்னு கை தானா அழுத்திடுச்சு. மன்னிச்சிடுங்க, இனிமே வரமாட்டேன்" என்றான். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. சரி, இனிமே வராதே என்று மட்டும் சொன்னேன்.

அவன் சொன்ன சொல் காப்பாற்றினான். அதுதான் வினையாகிப் போனது. மறுநாள் சாயங்காலம் அப்பா உட்கார்ந்திருந்தார், புள்ளி வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவார். கடையில் ஒரு பெரிய கண்ணாடியைக் கைதவறிப் போட்டு உடைத்தார், உள்ளங்கையில் தையல். முதலாளியே ஆட்டோ வைத்து வீட்டுக்கு அனுப்பினார். கட்டுப் போட்ட கையோடு அந்தப் பொத்தான் வைத்த கருவியை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடியே இருந்தவரைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார், அவனைத் தேடிக்கொண்டு ஓடுவார் என்று கதவு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"தெரியும்" என்றார். எப்போதிருந்து என்றேன். "ரெண்டாம் நாளே தெரியும். நம்ம பிள்ளை எனக்கு ஒரு ஆட்டமாவது விட்டுக் கொடுத்திருக்கானா? அப்பனை ஜெயிச்சாத்தான் அவனுக்குச் சோறு இறங்கும். இவன் நான் ரெண்டு தடவை தப்பவிட்டா மூணாவது பந்தை மெதுவா நடுவுல போடுறான். விட்டுக்கொடுக்கிறவன் நம்ம பையன் இல்ல." அப்புறம் ஏன் விளையாடினீங்க என்று கேட்டேன். கட்டுப் போட்ட கையால் திரை மூலையைக் காட்டி, "அவன் பேரு வருதுல்ல" என்றார். மாடி வீட்டுக் குழாயில் தண்ணீர் போகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் அப்பாவே நெட்டை வீட்டுக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பும்போது அவன் பின்னாலேயே வந்தான், அந்த விபத்தில் அடிபட்ட இடது காலை இழுத்து இழுத்து. ஆள் பாதியாகிவிட்டான். வாசலில் நின்றுகொண்டு செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். அன்றைக்குப் பிணத்துக்கு முன்னால் அப்பா அவனை என்ன சொன்னார், நீ அவன் சட்டையைப் பிடித்து என்ன கேட்டாய் என்பதெல்லாம் அந்த வாசலிலேயே நின்ற மாதிரி இருந்தது. தப்பு எதிரே வந்த லாரிக்காரன்மேல் என்று போலீஸே சொன்னபோது நம் மூன்று பேர் காதிலும் அது ஏறவில்லை. நான்தான் உள்ளே வாப்பா என்றேன்.

பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடினார்கள். ஆனால் ஒன்று, அவன் இங்கே வந்துவிட்டதால் வாலு என்ற பெயர் சாம்பல் நிறமாக இருந்தது. அப்பா ஆட்டத்தை விட்டுவிட்டு அதையே பார்த்தார். நெட்டைக்குப் புரிந்துவிட்டது. "வேணும்னா நான் வீட்டுக்குப் போயி அவன் பேருல வரட்டுமாப்பா?" என்று மெதுவாகக் கேட்டான். அப்பா அந்தப் பெயரை இன்னொரு தடவை பார்த்தார். "வேணாம். இங்கயே உட்காரு. விட்டுக்கொடுக்காம ஆடு" என்றார். அவன் அப்படியே ஆடினான். அப்பா தோற்றுப்போய், நெட்டை வீட்டுக்குப் போன பிறகு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதார். நம் பிள்ளை போனதிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இப்போது நெட்டை வாரத்தில் பாதி நாள் வருகிறான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. மத்தியானத்தில் யாரும் இல்லாதபோது நானும் அந்தப் பெட்டியைப் போடுகிறேன். எனக்கு ஆடத் தெரியாது. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற இடம் ஒன்று வரும், அதில் அவன் செய்துவைத்த அவனே மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பான். சும்மா நிற்பதில்லை, தோள் ஏறி இறங்கும், கண் இமைக்கும், மூச்சு விடுகிற மாதிரி. அவனை நிறுத்திவைத்துவிட்டு நான் துணி மடிப்பேன், வெங்காயம் உரிப்பேன். அணைக்கிற நேரம்தான் கஷ்டம். இதை அப்பாவிடம் சொல்லிவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள், வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், பாப்பாவுக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல், மனம் நிறைந்து, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. லீவுக்கு நீ இங்கே வந்து மணி அடிக்கும்போது நெட்டைதான் வந்து கதவைத் திறந்தாலும் திறப்பான். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. கால் வலியோடு எழுந்து வந்திருப்பான்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா