கோபுரத்தைப் பிடித்தால் ஊர் நகர்ந்துவிடும்

இன்று காலை மவுஸின் சக்கரம் மறுபடியும் சுற்றமாட்டேன் என்றது. ஊதிப் பார்த்தேன், மேசையில் தட்டிப் பார்த்தேன். கடைசியில் எரிச்சலில் திருகைக் கழற்றித் திறந்தேன். உள்ளேயிருந்து விபூதி கொட்டியது. உன் விபூதிதான், வேறு யாருடையது? தினமும் பெரிய கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் இட்ட விரலைத் துடைக்காமல் அப்படியே வந்து மவுஸைப் பிடிப்பாய். "கைய கழுவிட்டு தொடுடி" என்று கத்துவேன். "இருக்கட்டும், அதுக்கும் கொஞ்சம் புண்ணியம் சேரட்டும்" என்பாய். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன் புண்ணியம் இன்னும் என் வேலையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

அழுகை வருமென்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் உன்னைத் தங்கம், பொறுமைசாலி, அதிர்ந்து பேசாதவள் என்று சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அந்தப் பொறுமையைத்தான் முதலில் திட்டியிருப்பேன். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

செங்கம் சாலையில் ஜெராக்ஸ் கடை மாடியில் நம் அறை. ஒன்றாகப் படித்தோம், ஒன்றாக வேலை தேடி அலுத்தோம், பிறகு நாமே ஒரு பலகை மாட்டிக்கொண்டோம். நாம் பிறப்பதற்கு முன் விமானத்திலிருந்து எடுத்த கருப்பு வெள்ளைப் படத்தையும், இந்த வருஷத்துச் செயற்கைக்கோள் படத்தையும் கணினியில் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, எது மாறியிருக்கிறது என்று சொல்வது நம் பிழைப்பு. பழைய படத்தில் ஒரு கருங்கோட்டைப் பார்த்ததும் நான் "இது ஓடை" என்பேன். நீ "நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு மொதல்ல பாரு" என்பாய். அதற்கே அரை நாள் சண்டை நடக்கும். பாதிக்குப் பாதி நான்தான் ஜெயித்தேன், அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

உனக்கு ஒரு பழக்கம் இருந்தது. இரண்டு படத்தையும் ஒட்டி முடித்ததும் மேலே இருக்கும் படத்தை அணைப்பாய், போடுவாய், அணைப்பாய், போடுவாய். டக் டக் என்று அந்தச் சத்தம் என் உயிரை வாங்கும். பழையதும் புதியதும் மாறி மாறிக் கண்ணில் படும்போது மரம் முளைக்கும், வீடு முளைக்கும், ஏரி சுருங்கும். அதெல்லாம் சரி. ஆனால் குளத்துப் படிக்கட்டோ பழைய சாலைச் சந்திப்போ துள்ளினால் உடனே கையை எடுத்துவிடுவாய். "நகரக்கூடாதது நகர்ந்தா ஒட்டுனவ தப்பு" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவாய்.

தேவகி அக்கா நம் மாடிப்படி ஏறி வந்தது ஒரு மத்தியானம். ஆசிரமம் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் வேலை அவருக்கு, வீடு வேங்கிக்காலில். மலையடிவாரத்திலிருந்து ஏரிக்கு வரும் ஓடை எந்தக் காலத்திலோ மூடிப்போய்விட்டது, அதை அரசாங்கத்தில் தோண்டித் திறக்கப் போகிறார்கள், ஓடை தன் வீட்டுக்குள்ளே போகிறதென்று ஒரு கம்பெனி படம் போட்டுக் கொடுத்திருக்கிறது என்றார். இடிப்பதற்கு அடையாளமாக வீட்டுச் சுவரில் சிவப்பு பெயிண்டில் எண் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். "எங்க மாமனார் காலத்துலேர்ந்து அங்கதாங்க இருக்கோம். மழை வந்தா பக்கத்து லாட்ஜ் மதிலுக்குள்ளதான் தண்ணி நிக்கும், எங்க வீட்ல ஒரு சொட்டு வராது" என்றார். நீ அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அந்தக் கம்பெனிப் படத்தைத் திறந்தாய்.

கொஞ்ச நேரத்தில் நீ சிரித்தது நினைவிருக்கிறது. பழைய படத்தை ஊரோடு பொருத்த அவர்கள் பிடித்திருந்த புள்ளிகள் எல்லாம் கோபுர உச்சிகள். நம் ஊர்க்காரன் யாராக இருந்தாலும் அதைத்தான் பிடிப்பான், எங்கே நின்று பார்த்தாலும் அதுதானே கண்ணில் நிற்கிறது. ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் உயரமானதெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து விழும். அடி அடியிலேயே இருக்கும், உச்சி தள்ளிப் போயிருக்கும். விமானப் படத்தில் ஒரு பக்கம் சாயும், செயற்கைக்கோள் படத்தில் இன்னொரு பக்கம். இரண்டு உச்சியையும் சேர்த்து ஒட்டினால் தரையெல்லாம் இடம் மாறிப் போகும். கோபுரங்கள் எல்லாமே ஒரே பக்கமாகச் சாய்ந்ததால் கணினியும் ஏமாந்து, பிழை கம்மி என்று காட்டியிருந்தது. "கோபுரத்த புடிச்சா ஊரு நகர்ந்துடும்டி" என்றாய். லாட்ஜ் மதிலுக்குள் இருக்கவேண்டிய ஓடை ஒரு வீட்டளவு நகர்ந்து தேவகி அக்காவின் அடுக்களைக்கு வந்துவிட்டது.

அய்யங்குளத்து மூலைகள், மண்டபத்து அடிக்கல், பழைய சாலைச் சந்திப்புகள் என்று தரையில் இருப்பதை மட்டும் பிடித்து நீ மறுபடி ஒட்டத் தொடங்கினாய். தோள்பட்டை வலிக்கிறது என்றாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய். "டாக்டர்கிட்ட போலாம் வாடி" என்று எத்தனை முறை கேட்டேன். "கேஸ்தான், ஒரு சோடா வாங்கிட்டு வா." போய் வாங்கி வந்தேன், நீ குடித்தாய், ஏப்பம் விட்டுக் காட்டினாய். "பாத்தியா, கேஸ்தான்" என்று சொல்லிவிட்டு, ஒட்டி முடித்து ஓடைக்குக் கோடும் போட்ட பிறகுதான் வீட்டுக்குப் போனாய். மறுநாள் உன் அண்ணன் போன் செய்தபோது நான் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உனக்காகக் காத்திருந்தேன். படத்தில் ஒரு நிழலைக்கூடச் சந்தேகப்படாமல் விடமாட்டாயே, உன் நெஞ்சுவலியை மட்டும் கேஸ் என்று எப்படி நம்பினாய்? இதற்கு உன்னை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை.

விசாரணை நடக்கும் முன்பே ஓடை தோண்டும் ஒப்பந்தக்காரர் ஜேசிபியை அனுப்பிவிட்டார். அடுக்களைச் சுவர் போய்விட்டது. அக்கா நடுவில் நின்று கூச்சல் போட்டதால் மிச்சம் தப்பியது. அதற்குப் பிறகுதான் விசாரணை என்று அக்காவையும் என்னையும் கம்பெனிக்காரரையும் வேங்கிக்கால் ஆபீஸுக்குக் கூப்பிட்டு, ஒரு அதிகாரி அம்மா முன்னால் உட்காரவைத்தார்கள்.

உன் படத்தை நான் எடுத்துப் போனேன். பெரிய திரையில் போட்டு, உன் மாதிரியே அணைத்து அணைத்துப் போட்டேன். கம்பெனிக்காரர் படத்தில் அய்யங்குளம் தவளை மாதிரி தாவியது, கோபுர உச்சி அசையாமல் நின்றது. உன் படத்தில் குளம் அப்படியே நின்றது, கோபுரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. கம்பெனிக்காரர் எழுந்து நின்று சிரித்தார். "இவங்க படத்துல கோபுரமே ஆடுது மேடம். அண்ணாமலையார் கோபுரம் ஆடுமா, நீங்களே சொல்லுங்க." கூடமே சிரித்தது. பின்வரிசையில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாருடைய வீட்டுக்காக நான் கத்திக்கொண்டிருந்தேனோ அந்தத் தேவகி அக்காவே என் புடவையை இழுத்து, "கோபுரத்த பத்தி அப்டி சொல்லாத கண்ணு, தப்பு" என்றார். எங்கே போய் முட்டிக்கொள்வது, நீயே சொல்.

"ஆடறது கோபுரம் இல்ல சார், படம் புடிச்ச கோணம். ஒங்க படத்துல கொளம் ஏன் தாவுது, அத சொல்லுங்க" என்றேன். அவர் என் படத்தின் பக்கம் கையை நீட்டினார். "இத போட்டவங்க எங்க? அவங்கள வந்து வெளக்கச் சொல்லுங்க" என்றார்.

"அவ செத்துப்போய்ட்டா சார்."

"சாரி" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த படத்துக்குப் போனார். அந்த நேரத்தில் அவர்மேல் வந்த கோபத்தைவிட உன்மேல் வந்ததுதான் ஜாஸ்தி. "படத்த பாத்தா அவங்களுக்கே புரியும், நாம எதுக்கு கத்தணும்?" என்று எப்போதும் சொல்வாயே. படத்தைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். குளத்தைப் பாருங்கள் என்று நான் கத்திய பிறகுதான் அந்த அதிகாரி அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கொளத்த இன்னொரு வாட்டி காட்டுங்க" என்றார். நான் காட்டினேன். அவர் நேரில் போய் அளக்கச் சொன்னார்.

அளந்தார்கள். லாட்ஜ் மதிலுக்குக் கீழே தோண்டியதும் பழைய ஓடையின் கல்கட்டு தலை காட்டியது, நீ கோடு போட்ட அதே இடத்தில். தேவகி அக்காவின் வீட்டை விட்டுவிட்டார்கள். கம்பெனி புதிதாக ஒரு படம் கொடுத்தது. அதில் அய்யங்குளத்து மூலைகள், மண்டபத்து அடிக்கல், எல்லாம் நீ பிடித்த புள்ளிகள், கீழே அவர்கள் பெயர். அடுக்களையை இடித்ததற்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா இப்போது நீலத் தார்ப்பாய் கட்டி அதன் கீழ் சமைக்கிறார். அவர் சுவரிலிருந்த சிவப்பு எண்ணை அவரே சுரண்டி எடுத்தார். ஓடைமேல் நிற்கும் லாட்ஜ் மதிலுக்கு இன்றுவரை யாரும் எண் போடவில்லை. கேட்டால் "நோட்டீஸ் குடுத்திருக்கோம்" என்கிறார்கள்.

புதிய செயற்கைக்கோள் படம் வரும்போதெல்லாம் இறக்கி, சுவர் இடிபடும் முன் வந்த படத்தின்மேல் போடுகிறேன். நீ செய்த மாதிரியே டக் டக். உனக்குக் கேட்டால் சிரிப்பாய், அந்தச் சத்தத்துக்குத்தானே உன்னோடு அவ்வளவு சண்டை போட்டேன். அணைத்தால் அடுக்களை இருக்கிறது, போட்டால் நீலத் தார்ப்பாய் இருக்கிறது. அணைத்தாலும் போட்டாலும் அந்த மதில் மட்டும் அப்படியே நிற்கிறது. நகரக்கூடாதது நகர்ந்தால் ஒட்டியவள் தப்பு என்று சொன்னாய். நகரவேண்டியது நகராமல் நின்றால் யார் தப்பு என்று சொல்லாமல் போய்விட்டாய்.

மவுஸை மூடித் திருகிவிட்டேன். விபூதியைத் துடைக்கவில்லை. சக்கரம் சிக்கிச் சிக்கித்தான் சுற்றுகிறது, சுற்றட்டும். நாளைக்கு அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு மறுபடி வேங்கிக்கால் ஆபீஸுக்குப் போகிறேன். உனக்கும் சேர்த்து நானே கத்திக்கொள்கிறேன்.