பேனரில் என் தலை

மார்ச் 9, ஞாயிறு இரவு

படுத்தால் தூக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. கோயம்புத்தூர் பைக் ரேஸில் நான் மூன்றாவதாக வந்ததற்குச் சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் பேனர் வைத்திருக்கிறார்கள். வளைவில் முழங்கால் தரையை உரசச் சாய்ந்து ஓட்டுகிற படம். உடம்பு என்னுடையது, வண்டியும் என்னுடையது. ஹெல்மெட்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தலை சீவிய என் பாஸ்போர்ட் போட்டோவை ஒட்டியிருக்கிறார்கள்.

பேனர் வைத்த சித்தப்பா மகன் குமாரிடம் கத்தினேன்.

"இன்னாண்ணே, ஹெல்மெட்டு மாட்டிக்கினு இருந்தா யாருன்னு எவனுக்குத் தெரியும்? மூஞ்சி தெரிஞ்சாத்தான நம்ம ஊருக்குப் பெருமை!"

சொல்லிவிட்டு வெறுந்தலையோடு கல்வராயன் மலைக்கு வண்டியைக் கிளப்பினான்.

போன வருடம் இப்படி ஒரு வளைவில்தான் விழுந்தேன். ஹெல்மெட் பிளந்தது, நான் எழுந்து நடந்தேன். அந்தப் பிளவில் விரலை விட்டுப் பார்த்தவன்தானே இந்தக் குமார்?

அன்றைக்கு அந்த ஹெல்மெட் என் தலையில் இல்லாமல் போயிருந்தாலும் அவன் பேனர் வைத்திருப்பான். இதே பஸ் ஸ்டாண்டில், இதே பாஸ்போர்ட் போட்டோவைப் போட்டு. 'வாழ்த்துகிறோம்' என்ற இடத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்று இருந்திருக்கும், அவ்வளவுதான்.