பின் பெஞ்சுக்காரர்களின் ஐயர்

இன்று காலை மீன் வாங்கிக்கொண்டு கல்மண்டபத்துப் பக்கமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். மரத்தடியில் நாவிதர் ஒருவர் துறைமுகத்துத் தொழிலாளி ஒருவரின் முகத்தில் சோப்பு நுரை பூசிக்கொண்டிருந்தார். அந்த மணம் மூக்கில் பட்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றுவிட்டேன். நீங்கள் மீசையை எடுத்த நாளில் நம் கொல்லைப்புறத்தில் வீசிய மணம் அது. பக்கத்தில் வந்த பெண், "இன்னா ஐயரம்மா, மயக்கமா கீதா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மீனைக்கூட இன்னும் கழுவவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

திருநெல்வேலியிலிருந்து ராயபுரத்துக்கு நீங்கள் போதகராக வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டியும் அந்த மீசையும்தான் கொண்டுவந்தீர்கள் என்று என் தங்கை கேலி செய்வாள். போதகரை ஐயர் என்று கூப்பிடுவது நம் சபை வழக்கம். உங்களைக் கட்டிக்கொண்டதால் இதே ஊரில் பிறந்து வளர்ந்த நான் ஐயரம்மா ஆனேன்.

மற்றதில் எல்லாம் நீங்கள் விளையாட்டுப் பிள்ளை. பிரசங்கம் என்று வந்தால் வேறு ஆள். திங்கட்கிழமையே வசனத்தைத் தேர்ந்துவிடுவீர்கள். பிறகு வாரம் முழுவதும் அதோடுதான் நடப்பு. சாப்பாட்டில் கை பாதியில் நின்றுவிடும். கிணற்றடியில் வாளி நிரம்பி வழியும். ஏன் இப்படி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "வாரமெல்லாம் பாடுபட்ட சனங்க, ஒரு மணி நேரத்த என் கையில குடுத்துட்டு உக்காந்திருக்காங்க. அத வீணாக்கினா அது திருட்டு" என்றீர்கள்.

உங்கள் தமிழ் முன் வரிசைக்காரர்களுக்கு விருந்து. கப்பல் கம்பெனி ஒன்றில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த நம் சபைச் செயலாளர், அக்கம்பக்கத்துச் சபைகளிலும் உங்கள் பெருமையைப் பேசுவார். பின் பெஞ்சுகளில் பாய்லர் பட்டறை ஆட்கள் உட்காருவார்கள். இரும்புத் தகட்டில் ஆணி அறைந்து அறைந்து அவர்களில் பலருக்குக் காது போயிருந்தது. அது எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். யாரும் அதைப் பற்றி எதுவும் செய்ய வேண்டும் என்று நினைத்ததில்லை.

ஞானமுத்து அந்தப் பெஞ்சுக்காரர். அவருடைய மகள் காய்ச்சலில் இறந்தபோது அடக்க ஆராதனையில் நீங்கள் பேசியதைக் கேட்டு அழாதவர்கள் இல்லை. சில வாரம் கழித்து இருவரும் காசிமேட்டில் அவர் வீட்டுக்குப் போனோம். ஞானமுத்துவின் மனைவி நமக்குப் பாய் விரித்துவிட்டு, அவர் முகத்துக்கு நேரே நின்று சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து நாம் வந்ததைச் சொன்னாள். அவருக்குப் புரிந்தது. பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்களாம். பிறகு அவர் உங்களைப் பார்த்து, காது கேளாதவர்களுக்கு உரிய அந்தப் பெரிய குரலில் சொன்னார்:

"என் பொண்ணு அடக்கத்தன்னிக்கு நீ ரொம்ப நேரம் பேசின ஐயரே. அல்லாரும் அழுதாங்க. நீ இன்னா சொன்னன்னு எனக்கு இன்னிக்கு வரிக்கும் தெரியாது. பட்டறையில எவன் பேசினாலும் வாயப் பாத்தே புரிஞ்சிக்குவேன். உன் வாயி மீசைக்குள்ள கீது."

அதில் குறை சொல்லும் தொனி இல்லை. அதுதான் உங்களை அறைந்தது. நீங்கள் பாயில் நகர்ந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தீர்கள். ஒரு கையால் மீசையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பிரசங்கத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினீர்கள். பார்க்கச் சிரிப்பாக இருந்திருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. பாதிவழியில் நிறுத்திவிட்டீர்கள். பிறகு கொஞ்சம்தான் பேசினீர்கள்: அவள் பெயரைச் சொன்னீர்கள், ஞாயிறு பள்ளியில் அவள் பாடியதைச் சொன்னீர்கள், அவளைக் கடவுள் மறக்கமாட்டார் என்றீர்கள். ஞானமுத்து தலையை ஆட்டிக்கொண்டே அழுதார்.

திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் நின்று, "பீடத்துல இருந்து அழகா சொன்னதுல பாதிய அந்த மனுசன் முகத்தப் பாத்து சொல்ல முடியல. முகத்தப் பாத்து சொல்ல முடியாதத நான் இனிமே எழுதப் போறதில்ல" என்றீர்கள். மறுநாள் நாவிதரைக் கொல்லைப்புறத்துக்கு வரச் சொல்லிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு நம் சனிக்கிழமைகள் மாறிப்போயின. பிற்பகலில் ஆளில்லாத கோயிலுக்குப் போவோம். நான் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு கடைசிப் பெஞ்சில் உட்காருவேன். நீங்கள் பேசுவீர்கள். விளங்காத இடத்தில் கையைத் தூக்குவேன். தொடக்கத்தில் என் கை இறங்கவே இல்லை. உங்கள் நீண்ட வாக்கியங்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. வடமொழிச் சொற்கள் உதிர்ந்தன. அடித்து அடித்து எழுதினீர்கள். இத்தனை படித்தவர் இப்படி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாரே என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் பூரித்த பூரிப்பை உங்களிடம் சொன்னதேயில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பீடத்தைவிட்டு இறங்கி, நடுவழியில் பாதித் தூரம் வந்து, பின் பெஞ்சுகளைப் பார்த்து நின்றீர்கள். செயலாளர் கொதித்துப்போனார். பீடத்தின் மரியாதை போயிற்று, முன்னால் இருப்பவர்களுக்கு முதுகைக் காட்டுகிறார், மேலிடத்துக்கு எழுதப்போகிறேன் என்றார். வேலை போனால் எங்கே போவது என்று நான் பயந்தேன். நீங்கள் அவரிடம் பணிவாகத்தான் சொன்னீர்கள்: "உங்களுக்குக் காது இருக்கு ஐயா. நான் எந்தப் பக்கம் திரும்பி நின்னாலும் என் குரல் உங்களுக்கு வரும். அவங்களுக்கு என் முகம் மட்டுந்தான் இருக்கு."

மேலிடத்திலிருந்து ஆள் வருவதற்கு முன்னால் உங்கள் அப்பா வந்துவிட்டார். தகப்பன் உயிரோடு இருக்கும்போது பிள்ளை மீசையை எடுத்துவிட்டான் என்ற சேதி ஊருக்குப் போய்விட்டிருந்தது. ரயிலைவிட்டு இறங்கியதிலிருந்து அவர் உங்கள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "ஏல, நான் என்ன செத்தா போனேன்?" என்று கேட்டதோடு சரி. என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து முன் பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்தார். நீங்கள் இறங்கிப் போனபோது அவரும் திரும்பிப் பார்த்தார். பின் பெஞ்சு ஆட்களின் கண்கள் உங்கள் உதட்டைவிட்டு அசையவில்லை. நீங்கள் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, கோயிலில் முதலில் சிரித்தவர்கள் அவர்கள்தான்.

ஆராதனை முடிந்ததும் ஞானமுத்து நேரே வந்து மாமாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "உன் புள்ள மீசய எடுத்தது எங்களுக்கோசரம்தான் பெரியவரே. நீ கோச்சிக்காத" என்று அவர் போட்ட சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மாமா என்னிடம் தண்ணீர் கேட்டார். ஊருக்குத் திரும்பும் நாளில், ரயில் நகரத் தொடங்கியதும், "இருக்கட்டும்ல. வளக்காத" என்று உங்களிடம் சொன்னார். அன்று பிளாட்பாரத்தில் நீங்கள் சிறுபிள்ளை போல அழுதீர்கள். மேலிடத்திலிருந்து வந்த பெரியவரும் ஒரு ஞாயிறு இருந்து பார்த்துவிட்டு, எதையும் மாற்றச் சொல்லாமல் போய்விட்டார்.

வருடங்கள் ஓடின. பிறகு உங்கள் தொண்டையில் அந்த நோய் வந்தது. முதலில் குரல் கம்மியது, பிறகு இல்லாமலே போனது. கஞ்சியைக்கூட இரண்டு வாய்க்கு மேல் விழுங்க முடியவில்லை. டாக்டர் பேசவே கூடாது என்றுவிட்டார். நீங்கள் சிலேட்டில் எழுதிக் காட்டினீர்கள்: "வாயை அசைக்கக் கூடாது என்று சொல்லவில்லையே." அந்த வாரமும் திங்கட்கிழமையே வசனத்தைத் தேர்ந்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான இடத்தில் வந்து நின்றீர்கள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சபை திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. முன் பெஞ்சிலிருந்து செயலாளர் எழுந்து பின்னால் வந்தார். ஞானமுத்துவின் தோளைத் தொட்டு, ஐயர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஞானமுத்து எழுந்து நின்றார். "மெதுவா பேசு ஐயரே. நா சொல்றேன்" என்றார்.

அப்படித்தான் நடந்தது உங்கள் கடைசிப் பிரசங்கம். நீங்கள் ஒரு வரி அசைப்பீர்கள், அவர் ஒரு வரி சொல்வார். அவருக்குத் தவறியதைப் பக்கத்து ஆள் எடுத்துக்கொடுப்பார். இரவெல்லாம் வலையில் ஒன்றும் விழாமல், விடிகாலையில் இயேசு சொல்லி வலை நிறைந்து கரைக்கு வந்த சீஷர்களின் கதை அது. "அவுங்களுக்கு மின்னாடியே அவரு நெருப்பு மூட்டி மீன் சுட்டு வச்சிகினு குந்திகினு இருந்தாராம். வாங்கப்பா, வந்து துன்னுங்கன்னு கூப்ட்டாராம்" என்று ஞானமுத்து சொன்னபோது, காசிமேட்டுப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். செயலாளர் அவர் பக்கத்திலேயே கடைசிவரை நின்று கேட்டார்.

முடிந்தபிறகு நீங்கள் பெண்கள் பக்கம் திரும்பி என்னைப் பார்த்து இன்னும் ஏதோ சொன்னீர்கள். சபை ஞானமுத்துவைப் பார்த்தது. "இது ஐயரம்மாக்கு. நா சொல்லக் கூடாது" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

நீங்கள் போன பிறகும், அன்று என்ன சொன்னீர்கள் என்று இன்னும் என்னைக் கேட்கிறார்கள். ஏதோ பெரிய வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "பசிக்குது, வீட்டுக்குப் போலாம்" என்றீர்கள். உங்களுக்குப் பசித்து எத்தனையோ நாளாகியிருந்தது. வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்தேன். கிண்ணம் காலியாகும்வரை குடித்தீர்கள். தன் வேலையை முடித்துவிட்டு வந்த மனிதனுக்கு வரும் பசி அது. அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு அது போதும்.