கொதிக்க வைக்கக் கூடாத பூ

மார்ச் 3, செவ்வாய்

பாலைவனப் புழுதி கொண்டுவருகிற ஷிரோக்கோக் காற்று. பல்கனியில் காயப்போட்ட துணி முழுக்கச் செம்புழுதி. திரும்பத் தோய்க்க வேண்டும். முழங்கால் நோவு.

மகன் யூட் வேலைக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போனான். மருமகள் கியாரா வாற திங்கள் வேலைக்குத் திரும்புகிறாளாம். பேரன் மத்தேயோவைப் பகலில் யார் பார்ப்பது என்று இன்னும் யோசிக்கிறார்களாம். யோசிக்க என்ன இருக்கிறது? ஒரே வீட்டில் நான் இருக்கிறேன். கியாராவின் தாய் பீனா, இந்த ஊர்க்காரி, இரண்டு தெரு தள்ளி.

பிள்ளைக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. வயிறும் பொருமல். ஓமத்தண்ணீர் வைத்தேன். மருமகள் மணந்து பார்த்துவிட்டுத் தொட்டிக்குள் ஊற்றினாள். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டு. அதுதான் சுடுகிறது.

மார்ச் 5, வியாழன்

பீனா வந்தாள். கையில் காய்ந்த பூ ஒரு பை. கமோமில்லா. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் குமிழ். சாமந்தியின் குஞ்சு மாதிரி. மணம் அப்பிள் பழம் போல. நல்ல மணம்தான், இல்லை என்று சொல்லக் கூடாது.

எனக்கு இது புதிது. இந்த ஊரில் நான் வேலை செய்ததெல்லாம் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில். அங்கே பூத்தண்ணீர் கேட்டு ஒருவரும் வரவில்லை.

பீனா தன் பாஷையில் சொன்ன பயன்கள்: நித்திரை. வாயு. பல் நோவு. பெண்களின் மாத வயிற்றுவலி. தடிமனுக்கு ஆவி பிடிக்க. வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்க. தலை கழுவினால் மயிர் பொன்னிறமாகுமாம். என் தலைக்குப் பிரயோசனமில்லை.

"ரீத்தா, இதை அவிக்கிறேல்லை. தண்ணி கொதிச்ச உடனை அடுப்பை நிப்பாட்டு, பூவைப் போடு, தட்டாலை மூடு. அஞ்சு நிமிசம் காணும்."

சம்பந்தியை வெறும் பேர் சொல்லி, நீ என்று. அவர்கள் வழக்கம் அப்படியாம்.

கியாரா உடனே பிள்ளைக்குப் புகட்டினாள். மணந்து பார்க்கவில்லை. ஓமமும் செடியில் வந்ததுதான். அவள் தாய் கொண்டுவந்தால் மருந்து, நான் வைத்தால் ஊத்தை.

மார்ச் 6, வெள்ளி

தவக்கால ஒருசந்தி, ஒருநேரச் சாப்பாடு. பின்னேரம் சிலுவைப்பாதை. கோவில் வாசலில் மன்னார்ப் பாக்கியம் பிடித்துக்கொண்டாள்.

"உமக்கென்ன ரீத்தம்மா, மருமகள் வெள்ளைக்காரி. பிள்ளையைத் தொட விடுறாளோ?"

"என்ரை பேரன் என்ரை கையாலைதான் சாப்பிடுறவன்."

"ஓமோ? அப்ப அவள் வேலைக்குப் போனா நீர்தான் பாக்கிறதோ?"

"வேறை ஆர்?"

சொல்லிவிட்டேன். இனி அது நடந்தாக வேண்டும்.

வரும் வழியில் பலசரக்குக் கடையில்: உள்ளி, பருப்பு, சவர்க்காரம், கமோமில்லா. கமோமில்லா என் பணத்தில்.

மார்ச் 7, சனி

கியாராவும் யூட்டும் வியா மக்வேதாக் கடைத்தெருவுக்கு, அவளுக்குச் சப்பாத்து வாங்க. பிள்ளை என்னிடம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அனுங்கினான். நல்லதாகப் போயிற்று, நானே கமோமில்லா கொடுத்துக் காட்டலாம் என்று நினைத்தேன்.

ஐந்து நிமிடம் மூடிவைத்தால் என்ன சாரம் இறங்கும்? அவியாத மருந்து ஒரு மருந்தா? மல்லி அவிக்கிற மாதிரியே மூன்று கோப்பைத் தண்ணீர் ஒன்றாக வற்றும்வரை காய்ச்சினேன். இஞ்சி ஒரு துண்டு. கறுத்துப்போய் வந்தது. நல்ல சத்து என்று நினைத்தேன். சீனி போட்டேன். முகத்தைச் சுழித்துக்கொண்டு குடித்தான், என் பிள்ளை.

கொஞ்ச நேரத்தில் சத்தி எடுத்தான். அவன் சட்டை, கம்பளம், என் சேலை.

அவர்கள் வந்து, வைத்தியருக்குப் போன் பண்ணி, பீனாவையும் கூப்பிட்டு, ஒரே அமர்க்களம். வைத்தியர் சொன்னது: பயமில்லை, அளவுக்கு மிஞ்சிக் கடுப்பாக இருந்ததால் வயிறு புரட்டியது, இந்த வயதுக்கு மெல்லிசாக இரண்டு மூன்று கரண்டி போதும்.

பீனா சட்டியில் மிச்சத்தை விரலால் தொட்டு நக்கினாள்.

"ரீத்தா, இது குதிரைக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். யூட்டும். என் வயிற்றில் பிறந்தவன்.

சேலையில் கறை போகவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

வெயில். பூசை முடிந்து வரும்போது யூட் காரடியில் நின்று கதைத்தான்.

"அம்மா, நாளையிலை இருந்து பிள்ளை பீனா வீட்டிலை நிக்கட்டும். உங்களுக்கும் முழங்கால் ஏலாதுதானே."

"என்ரை முழங்காலை ஏன் இழுக்கிறாய்? நேரை சொல்லு."

"கோவிக்காதேங்கோ. கியாரா பயப்படுறாள்."

"நீ?"

கார்த் திறப்பை எல்லாப் பொக்கற்றிலும் தேடினான். கையில்தான் இருந்தது.

"ஓம், விடு" என்றேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை. பாக்கியத்துக்கு என்ன சொல்வது என்றுதான் யோசனை.

மார்ச் 9, திங்கள்

தூறல். பிள்ளையின் பையை நானே அடுக்கிக் கொடுத்தேன். சட்டை, மாற்றுக் காற்சட்டை, பால் போத்தல். கியாரா நன்றி சொன்னாள். கடைக்காரருக்குச் சொல்வது போல.

வீட்டில் சத்தமில்லை. பருப்பு அடிப்பிடித்துவிட்டது. மத்தியானம் சாப்பிடவில்லை.

பின்னேரம் பீனாவின் போன்.

"ரீத்தா, காலையிலை இருந்து கண் மூடேல்லை. கமோமில்லா ரெண்டு தரம் குடுத்தன், துப்புறான். உன்னட்டை எப்பிடி நித்திரை கொள்ளுறவன்?"

எனக்குத் தெரியும். மடியில் குப்புறப் போட வேண்டும். இடது காது மடலை இரண்டு விரலால் மெல்ல உருட்ட வேண்டும். பாடக் கூடாது, பாடினால் விழித்துக்கொள்வான். இது கியாராவுக்குத் தெரியாது. யூட்டுக்கும் தெரியாது.

"எனக்குத் தெரியாது, சிஞ்ஞோரா" என்றேன். பேர் சொல்லாமல், தெரியாத அம்மணிக்குச் சொல்வது போல, சிஞ்ஞோரா என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். "இஞ்சை அவன் தானாப் படுக்கிறவன்."

"தானாவோ?"

"ஓம். தானா."

அவளுக்குப் பின்னால் பிள்ளை அழுவது கேட்டது. நெடுநேரம் அழுதால் அவனுக்கு விக்கல் வரும். வந்தது.

போனை வைத்தேன். இப்போது திரும்ப அடிக்கிறது. எடுக்கவில்லை.