டன்னிங் ஓடைக்கு அந்தப் பக்கம்

பாலார்ட், வட குயின்ஸ்லாந்து
14 செப்டம்பர் 1996

அன்புள்ள கிர்ஸ்டனுக்கு,

என் வீட்டுக்காரர் நெவிலும் நானும் நலம். உங்கள் வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கூடவே உன் வீட்டுக்காரர் ஹோல்கர் நான்கு வண்ணப் பேனாவில் வரைந்து அனுப்பிய பயண வரைபடமும். லண்டன் ஆஸ்பத்திரி விடுதியில் ஒரே அறையில் கிடந்த நாம் இருபத்தாறு வருடம் கழித்துச் சந்திக்கப் போகிறோம் என்று படித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ரொட்டியைக் கருக விட்டுவிட்டேன். அதற்கடுத்த வரியில் ‘பிப்ரவரி மாதம்’ என்று எழுதியிருக்கிறாய். அங்கேதான் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது.

கிர்ஸ்டன், பிப்ரவரியில் வராதே. டென்மார்க்கில் அப்போது குளிர் எலும்பைத் துளைக்கும், வெயிலைத் தேடி ஓடி வரத் தோன்றும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கே பிப்ரவரியில் வெயில் கிடையாது. மழைதான். நீ நினைக்கிற மழை இல்லை. தகரக் கூரையில் விழ ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஒரே வாரத்தில் செருப்பில் பூஞ்சை பூத்துவிடும். படுக்கை விரிப்பு காயவே காயாது.

காலையில் சாப்பிடுவதற்கு முன்னால் கடலில் நீந்த வேண்டும் என்கிறாய். நவம்பரிலிருந்து மே வரை இங்கே யாரும் சும்மா கடலில் இறங்க மாட்டோம். பெட்டி ஜெல்லிமீன் வரும் காலம் அது. கண்ணுக்குத் தெரியாது, பட்டால் நெஞ்சு நின்றுபோகும். கடற்கரையில் வினிகர் பாட்டில் நட்டு வைத்திருப்பது கொட்டின இடத்தில் ஊற்றத்தான், சாலட்டுக்கு இல்லை என்று வருடத்துக்குப் பத்துப் பேரிடம் சொல்கிறேன். சரி, ஓடையில் நீந்துகிறோம் என்று நீ சொல்வாய். ஓடையில் முதலை. ‘நிஜமாகவே முதலை இருக்கிறதா, அல்லது சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்கிற கதையா?’ என்று ஹோல்கர் ஓரத்தில் எழுதியிருக்கிறார். போன மாதம் டிக்சன் வீட்டு நாய், படகுத்துறையில் தண்ணீர் குடிக்கப் போனது திரும்பி வரவில்லை என்று அவரிடம் சொல்.

கூடாரம் கொண்டுவர வேண்டாம். நாங்கள் வாடகைக்கு விடும் நான்கு குடில்களில் ஒன்று உங்களுக்குத்தான். சிறிய கார் வாடகைக்கு எடுத்து கெய்ர்ன்ஸ் விமான நிலையத்திலிருந்து நீங்களே ஓட்டி வருவதும் வேண்டாம். எங்கள் ஊருக்கு வர டன்னிங் ஓடையைத் தாண்ட வேண்டும். அங்கே பாலம் இல்லை, தாழ்வான சிமென்ட் பாதைதான். மழையில் தண்ணீர் அதன் மேலேயே ஓடும்.

ஜூலையில் வா. வானம் நீலமாக இருக்கும், இரவில் போர்வை கேட்கும். கடலில் எவ்வளவு வேண்டுமானாலும் நீந்தலாம். இரண்டு மாதம் இரு, மூன்று மாதம் இரு.

நெவில் நலம் என்று எழுதியிருக்கிறேன். உடம்பு நலம்தான். முன்போல அதிகம் பேசுவதில்லை. நீ வந்தால் நன்றாக இருக்கும். ஜூலையில்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
டல்சி


பாலார்ட்
20 நவம்பர் 1996

கிர்ஸ்டன்,

டிக்கெட் எடுத்துவிட்டாய். பிப்ரவரி இருபது, கெய்ர்ன்ஸ். மாற்றினால் பாதிப் பணம் போய்விடும் என்கிறாய். ‘டல்சி எப்பவுமே கொஞ்சம் பெரிசு பண்ணித்தான் சொல்லுவா, விடுதியில எலியைப் பார்த்துட்டு பூனை சைஸ்ன்னவதானே’ என்று ஹோல்கரிடம் சொன்னாயாம், இருவரும் சிரித்தீர்களாம். அதையும் எனக்கே எழுதியிருக்கிறாய்.

கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் நம் சினேகிதமே முறிந்திருக்கும். இங்கே வருகிற எல்லோரும் இப்படித்தான். கேட்பார்கள், தலையாட்டுவார்கள், பிறகு தங்கள் இஷ்டப்படி செய்வார்கள். நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள். உனக்கும் அதே பாட்டைப் பாட வேண்டியிருக்கிறதே என்றுதான் ஆத்திரம்.

போன கடிதத்தில் ஒன்றை மறைத்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

இந்த வருடம் மார்ச்சில் ஒரு இளம் ஜோடி மூன்றாவது குடிலில் தங்கினார்கள். எந்த நாடு என்பது வேண்டாம். அந்தப் பெண்ணின் பெயர் எலேன். நான் வைத்த பப்பாளி ஜாமை ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட்டவள். ஐந்து நாள் மழை. ஆறாம் நாள் காலை, கெய்ர்ன்ஸில் விமானம் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினார்கள். நெவில் அப்போது வெள்ள மீட்புக் குழுவில் தொண்டர். பதினெட்டு வருடம் இருந்தவர். “இன்னைக்குப் போகாதீங்க, மத்தியானம் நானே போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்” என்றார். அந்தப் பையன், “ஓடையில எவ்வளவு ஆழம் இருக்கும்?” என்று கேட்டான். நெவில் டோஸ்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே, “நேத்து முழங்கால் வரைக்கும் இருந்துச்சு” என்றார்.

நேற்று என்றுதான் சொன்னார். அவர்கள் காதில் முழங்கால் மட்டும் விழுந்தது.

நெவில் குளித்துவிட்டு வருவதற்குள் போய்விட்டார்கள். பதினோரு மணிக்கு அழைப்பு வந்தது. படகோடு முதலில் போனது நெவில்தான். பையன் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டிருந்தான். எலேனை அடுத்த நாள் காரோடு எடுத்தார்கள். இருபத்து நான்கு வயது.

யாரும் நெவிலைக் குறை சொல்லவில்லை. விசாரணையில்கூட அவர் எச்சரித்தார் என்றுதான் எழுதினார்கள். அவரோ மீட்புக் குழுவின் ஆரஞ்சு உடையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அதிலிருந்து, மழை பெய்தால் மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு டன்னிங் ஓடைக்குப் போய்விடுகிறார். பாதை ஓரத்தில் சிவப்புக் கொடியோடு உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு காரையும் நிறுத்திச் சண்டை போடுகிறார். குடிலில் தங்க வருபவர்களிடம் சாவி கொடுக்கும் முன்பே கத்துகிறார். பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். கரும்புத் தோட்டக்காரர்கள், “நெவ், உனக்கு என்ன, ஓடையை எழுதி வாங்கிட்டியா?” என்று கேலி செய்கிறார்கள். அவருக்கு அது காதில் ஏறுவதில்லை.

நானும் சொல்லிப் பார்த்தேன். அழுது பார்த்தேன். ஒரு தடவை நாற்காலியை ஒளித்து வைத்தேன். நின்றுகொண்டே இருந்துவிட்டு வந்தார். முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள், வீட்டுக்குள் இருக்கிற மனிதனை என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறேன். இப்போது நீயும் மழையில் வருகிறேன் என்கிறாய். அதை அவரிடம் சொன்னபோது, எழுந்துபோய் புது வருட நாள்காட்டியில் பிப்ரவரி இருபதைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு வந்தார்.

டிக்கெட்டை மாற்று. மாட்டேன் என்றால், கெய்ர்ன்ஸில் இறங்கியதும் எனக்குப் போன் செய். நான் வரலாம் என்று சொல்லும்வரை நகராதே. இந்த ஒன்றையாவது கேள்.

டல்சி


பாலார்ட்
23 பிப்ரவரி 1997, ஞாயிறு

கிர்ஸ்டன்,

வெள்ளி சாயங்காலத்திலிருந்து போன் செத்துக் கிடக்கிறது. இன்று ரொட்டியும் மருந்தும் கொண்டுவந்த ஹெலிகாப்டர்க்காரர், நீங்கள் அக்கரைப் பெட்ரோல் பங்க் விடுதியில் இருப்பதாகவும் இதை அங்கே போட்டுவிட்டுப் போவதாகவும் சொன்னார். ஆட்களை ஏற்ற மாட்டாராம், கேட்டுவிட்டேன். அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். கையெழுத்து எப்படி இருந்தாலும் பொறுத்துக்கொள்.

வியாழன் இரவு நீ கெய்ர்ன்ஸிலிருந்து போன் செய்தாய். ஓடை ஏறியிருக்கிறது, இருங்கள் என்று சொன்னேன். நீ சரி என்றாய். அப்புறம் ஹோல்கர் போனை வாங்கி, “டல்சி, நான் முப்பது வருஷமா பனிக்கட்டி மேல கார் ஓட்டுறவன், தண்ணிக்கா பயப்படுவேன்?” என்றார். நான் என்ன சொன்னேன் என்று அவருக்கே தெரியும். திரும்பச் சொல்ல வேண்டாம்.

வெள்ளிக்கிழமை உங்கள் பக்கத்திலிருந்து நீங்கள் பார்த்தது ஒன்று. எங்கள் பக்கத்தில் நடந்தது வேறு. அது உனக்குத் தெரிய வேண்டும்.

நெவில் விடியற்காலை ஐந்தரைக்கே போய்விட்டார். பன்னிரண்டு மணிக்கு நான் சாண்ட்விச்சும் டீயும் எடுத்துக்கொண்டு போனேன். மழை விட்டு வெயில் அடித்தது. அதனால்தான் உங்களுக்குத் தைரியம் வந்திருக்கும். மழை விட்ட பிறகுதான் மலைத் தண்ணீர் இறங்கி வரும் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? பெரிய சக்கரம் வைத்த கரும்பு லாரி ஒன்று நெவில் சொல்வதைக் கேட்காமல் கடந்து போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டு அக்கரையில் வெள்ளைக் கார் நின்றது. மஞ்சள் மழைக்கோட்டோடு நீ இறங்கினாய். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு கையை இடுப்பில் வைத்து நின்ற விதத்தில்தான் உன்னைக் கண்டுபிடித்தேன். நீ கையை ஆட்டினாய். நானும் ஆட்டினேன். நடுவில் நாற்பது மீட்டர்கூட இருக்காது. தண்ணீர்ச் சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

நெவில் கொடியை வீசினார். ஹோல்கர் பதிலுக்கு விளக்கை இரண்டு முறை அடித்துவிட்டு நீ ஏறியதும் காரைத் தண்ணீரில் இறக்கினார். நெவில் வரச் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டார் போல. அந்த இரண்டு வெளிச்சத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

நெவில் கொடியைக் கீழே போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “நான் நடுவுல நின்னா நிறுத்துவாங்க” என்றார். நான் சட்டையைப் பிடித்தேன். கிழித்துக்கொண்டு இறங்கிவிட்டார். பாதை ஓரம் நட்டிருக்கும் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனார். தொடை, இடுப்பு, அப்புறம் நெஞ்சு. ஆறாவது கம்பத்தைக் கட்டிக்கொண்டு ஒரு கையை மட்டும் உயர்த்தி நின்றார். நீந்தத் தெரிந்தவருக்கும் அந்த இழுப்பில் வழியில்லை. நான் கரையில் மண்டியிட்டு ஹோல்கரைத் திட்டினேன். உன்னையும் திட்டினேன். எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தைகளையும் சொன்னேன்.

கார் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் போயிற்று.

நீங்கள் கரையேறும்வரை நெவில் கையை இறக்கவில்லை. திரும்பும்போதுதான் கால் வழுக்கியது. கம்பத்தைப் பிடித்துத் தொங்கியவரை, பழைய மீட்புக் குழுவிலிருந்து டிரெவரும் இன்னும் இரண்டு பேரும் கயிறோடு வந்து இழுத்தார்கள். இருபது நிமிடம். முழங்காலில் எலும்பு தெரிகிற வெட்டு. டாக்டர் வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதால் ஊர் கிளினிக்கில் நானே பதினோரு தையல் போட்டேன். ஊசி குத்தும்போது நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். “உங்களுக்குப் பைத்தியமா? நீங்க போயிருந்தா நான் என்ன பண்றது? யாரோ கேக்காததுக்கு நீங்க சாகணுமா?” என்றேன்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, “நின்னுட்டாங்க, டல்சி” என்றார். “பின்னாடி எடுத்துட்டாங்க பாத்தியா?” என்றார். அப்புறம் அழ ஆரம்பித்தார். போன மார்ச்சிலிருந்து அவர் அழுது நான் பார்க்கவில்லை. அன்றிரவு ஒன்பது மணிக்குப் படுத்தவர், நேற்றுப் பகல் பதினொன்றுக்கு எழுந்தார். எழுந்ததும் பசிக்கிறது என்று மூன்று முட்டை கேட்டார்.

இப்போது மறுபடி மழை கொட்டுகிறது. கால் நொண்டினாலும் போக வேண்டுமென்றால் போயிருப்பார். போகவில்லை. டிரெவரை வரச் சொல்லி, “கொடி கம்பத்துக்கிட்ட கெடக்கு, காவலுக்கு ஆள் போடு” என்று மட்டும் சொன்னார்.

எனக்குக் கோபம் தீரவில்லை, கிர்ஸ்டன். உன் மேல், ஹோல்கர் மேல், அவர் மேல், எல்லோர் மேலும் இருக்கிறது. நேரில் வந்தால் நிச்சயம் சண்டை போடுவேன், தயாராக வா. ஆனால் ஹோல்கர் நெவிலிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். காரைப் பின்னால் எடுத்தபோது என்ன நினைத்தார் என்று மட்டும் சொல்லட்டும். நெவில் அதைத்தான் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கிறார். எனக்கு என்ன தெரியும்?

ஹெலிகாப்டர்க்காரர் கூப்பிடுகிறார். இனி என் வேண்டுகோள். இந்த வெள்ளம் ஆறேழு நாள் வடியாது. உங்கள் திரும்பும் விமானம் போனால் போகட்டும். அந்த விடுதிச் சாப்பாடு நன்றாக இருக்காது, அதையே சாப்பிடு. வெயில் அடித்தாலும், லாரி போனாலும், வேறு யார் வா என்றாலும் கிளம்பாதே. தண்ணீர் இறங்கியதும் நெவில்தான் வந்து உங்களைக் கூட்டி வருவாராம். என்னைக்கூட ஓட்ட விட மாட்டாராம். அவர் வந்து நிற்கும்போது நீங்கள் இருவரும் அங்கே இருக்க வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

இரு, கிர்ஸ்டன். அங்கேயே இரு.

உன்
டல்சி