பத்து நாள் கொய்யா இலைத் தண்ணீர்

14.9.1991

இவருக்கு வாயெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். கஞ்சி குடித்தாலும் எரிகிறதாம். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் சொன்னபடி பத்து நாளாகக் கொய்யா இலை அவித்துக் கொப்புளிக்கக் கொடுக்கிறேன். விறகு முடிந்ததுதான் கண்ட பலன்.

இன்று திரும்பப் போனேன். "பிள்ளை, அவர் பொய்ப்பல்லைக் கழட்டிப்போட்டோ கொப்புளிக்கிறவர்?" என்று பரியாரியார் கேட்டார். அப்போதுதான் விளங்கியது. இந்த மனிசன் படுக்கும்போதும் பல்லைக் கழற்றுவதில்லை. பல்லில்லாத வாயை எனக்குக் காட்டியதே இல்லை.

பொழுதுபட்டதும், "கழட்டினால்தான் தண்ணி தருவன்" என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"அப்ப விளக்கை நூர்."

நூர்த்தேன். இருட்டில் கிண்ணத்துக்குள் பல் விழுந்த சத்தம் கேட்டது.

இவர் நித்திரையான பிறகுதான் இதை எழுத விளக்கைக் கொளுத்தினேன். இவர் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.